கடுமையான வேர்க்கடலை அலர்ஜிக்கு நாக்கடிச் சொட்டு: வீட்டில் கொடுப்பது பாதுகாப்பா?

உங்கள் மகனுக்கு இப்போது ஐந்து வயது. மூன்று வயதில் கடலை மிட்டாயைக் கடித்த சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸில் எபினெஃப்ரின் ஊசி போட வேண்டி வந்தது. லேசான ஆஸ்துமாவும் இருக்கிறது. இப்போது நியூஜெர்சியில் நீங்கள் பார்க்கும் டாக்டர் நாக்குக்கு அடியில் சொட்டு விடும் சிகிச்சையை ஆரம்பிக்கலாம் என்கிறார். கோடையில் மதுரைக்குப் போகும் திட்டமும் உண்டு. "இவ்வளவு கடுமையான அலர்ஜி உள்ள குழந்தைக்கு இது பாதுகாப்பானதா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தப் பொருள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதோ அதையே தினமும் என் கையால் கொடுத்தால் ஏதாவது ஆகிவிடுமா என்பது ஒன்று. இவ்வளவும் செய்தபின் நாளைக்குத் தெரியாமல் ஒரு வேர்க்கடலை வாயில் போனால் இது காப்பாற்றுமா என்பது இன்னொன்று. பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வதில் இரண்டுமே அடக்கம். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல.

நான் குழந்தைகள் அலர்ஜிப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். சொட்டு எடுக்கும் குழந்தைகள், உணவாகவே கொடுத்துப் பழக்கும் வாய்வழிச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள், எதுவும் வேண்டாம், தவிர்த்தே வளர்க்கிறோம் என்று முடிவெடுத்த குடும்பங்கள், எல்லாரையும் பார்க்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில்: அனுபவமுள்ள டாக்டர், சரியான அளவு, கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமா, இந்த மூன்றும் இருந்தால், அலர்ஜி தரும் உணவையே கொடுத்துப் பழக்கும் சிகிச்சைகளில் ஆபத்து குறைந்தவற்றில் இது ஒன்று. இரண்டாவது கேள்விக்கு: காப்பாற்றும், ஆனால் ஓரளவுக்குத்தான், அதுவும் எல்லாப் பிள்ளைகளையும் அல்ல. இரண்டு பதில்களுக்கும் காரணம் ஒன்றுதான். கொடுக்கும் அளவு மிக மிகச் சிறியது.

எவ்வளவு சிறியது என்று சொல்கிறேன். ஒரு வேர்க்கடலைப் பருப்பில் ஏறத்தாழ 250 முதல் 300 மி.கி. புரதம் இருக்கும். அமெரிக்காவில் நடந்த முக்கியமான சொட்டுச் சிகிச்சை ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. அதில் முதல் நாள் கொடுத்தது 0.25 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமை நாலாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. அங்கிருந்து மாதக்கணக்கில் மெல்ல ஏற்றிக்கொண்டே போய் நின்ற இடம் தினம் 2 மி.கி. உச்ச அளவே ஒரு பருப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வாய்வழிச் சிகிச்சையில் பிள்ளைகள் தினமும் 300 மி.கி. அல்லது அதற்கு மேல் சாப்பிடுகிறார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும்.

நாக்குக்கு அடியில் ஏன் விடுகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். அந்த மெல்லிய தோலில், உள்ளே வரும் பொருளை எடுத்துப் போய் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அறிமுகம் செய்யும் செல்கள் நிறைய உண்டு. ஹிஸ்டமினைக் கொட்டி அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் அங்கே ஒப்பீட்டளவில் குறைவு. கொடுக்கும் அளவே மிகச் சிறியது என்பதால், இரண்டு நிமிடம் அங்கேயே வைத்திருந்துவிட்டு விழுங்கினாலும் வயிற்றுக்குப் போவது வெகு சொற்பம். அதனால்தான் அரிப்பு வந்தாலும் பெரும்பாலும் வாயோடு நின்றுவிடுகிறது.

முதல் நாள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயம் பாதி குறையும். அன்று கிளினிக்கில்தான் கொடுப்பார்கள். நுரையீரலில் வீசிங் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, வாயில் புண் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிள்ளை நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, நர்ஸ் அடியில் மருந்தைச் சொட்டுவார். கிளிசரின் கலந்த திரவம், லேசாக இனிக்கும். இரண்டு நிமிடம் பேசாமல், விழுங்காமல் இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பையனுக்கு அது பெரிய நேரம்தான், போனில் ஒரு பாட்டுப் போட்டுவிட்டால் ஓடிவிடும். பிறகு விழுங்கச் சொல்லி, குறைந்தது அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பல பிள்ளைகள் நாக்கைப் பல்லில் தேய்ப்பார்கள், உதட்டைச் சொறிவார்கள், தொண்டையைச் செருமுவார்கள். பத்து இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். தண்ணீர் குடித்தாலே சிலருக்குச் சரியாகிவிடும். அளவை ஏற்றும் ஒவ்வொரு முறையும் கிளினிக்கில், மற்ற நாட்களில் வீட்டில்.

இனி ஆய்வுகள் சொல்வது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கணிசமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 12 முதல் 37 வயதுள்ள 40 பேரிடம் செய்த வேர்க்கடலைச் சொட்டு ஆய்வு 2013-இல் வெளியானது. முதல் 44 வாரங்களில் கொடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வேளைகளில் 63 சதவீதம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போயின. வாய், தொண்டை அரிப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் 95 சதவீதம். அதே ஆட்களை மூன்று வருடம் வரை தொடர்ந்து பார்த்ததில், 18,165 வேளைகளில் சுமார் 98 சதவீதம் வாய், தொண்டைக்கு அப்பால் எதையும் உண்டாக்கவில்லை. எபினெஃப்ரின் ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. வட கரோலினா பல்கலைக்கழகக் குழு 48 குழந்தைகளுக்கு மூன்று முதல் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டதிலும் இதே படம்தான்: தொந்தரவு வந்தது 4.8 சதவீத வேளைகளில், அதில் பெரும்பாலும் வாய் அரிப்பு, எபினெஃப்ரின் யாருக்கும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வாய்வழிச் சிகிச்சையின் கணக்கையும் வைக்கிறேன். 2018-இல் வந்த பெரிய ஆய்வில், வேர்க்கடலைப் பொடி எடுத்த பிள்ளைகளில் 14 சதவீதம் பேருக்கு எபினெஃப்ரின் போட வேண்டி வந்தது. போலி மருந்து எடுத்தவர்களில் அது 6.5 சதவீதம். 2019-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வெறுமனே தவிர்ப்பவர்களைவிட வாய்வழிச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு அனாபிலாக்சிஸ் (உடல் முழுக்கத் தழுவும் கடுமையான அலர்ஜித் தாக்குதல்) வரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று தெரிந்தது. சொட்டு எடுப்பவர்களிடம் அப்படிப்பட்ட எண்கள் வரவில்லை. அதற்காக, வராது என்று அர்த்தம் இல்லை. ஹேசல்நட் என்ற கொட்டையின் அலர்ஜிக்கு ஸ்பெயினில் 2005-இலேயே சொட்டு கொடுத்துப் பார்த்தார்கள். அதில் உடல் முழுக்கத் தழுவிய ரியாக்‌ஷன் 0.2 சதவீத வேளைகளில் வந்தது. தினமும் ஒரு வேளை, மூன்று வருடம் என்றால் ஆயிரத்துச் சொச்சம் வேளைகள். ஒரு வேளைக்கு மிக அரிதானதுகூட அத்தனை வேளைகளில் ஒருநாள் எட்டிப்பார்க்கலாம். அதனால்தான் சொட்டு எடுக்கும் வீட்டில் எபினெஃப்ரின் பேனா (தொடையில் அழுத்தினால் தானே மருந்தைச் செலுத்தும் ஊசி) கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அதைப் போடத் தெரிந்த பெரியவர் ஒருவர் மருந்து கொடுத்தபின் அரை மணி நேரமாவது பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்கப் போகும் நேரத்தில் சொட்டு விடாதீர்கள்.

இப்போது சந்தேகமான இடத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் உங்கள் டாக்டரிடம் அழுத்திக் கேட்க வேண்டும். இந்த நல்ல எண்களெல்லாம் யாரிடம் எடுக்கப்பட்டவை? ரத்த அழுத்தம் விழுந்து நினைவு தப்பும் அளவுக்குப் போனவர்களையும், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களையும் பல ஆய்வுகள் ஆரம்பத்திலேயே சேர்க்காமல் விட்டுவிட்டன. ஆகவே, மிகக் கடுமையான அலர்ஜி உள்ளவர்களுக்கும் இதே அளவு பாதுகாப்பு என்று யாராவது சத்தியம் செய்தால், அது ஆய்வு சொன்னதைத் தாண்டிய பேச்சு. நீங்கள் எழுதிய விவரப்படி உங்கள் மகன் நடுவில் எங்கோ இருக்கிறான். மூச்சு இழுத்திருக்கிறது, எபினெஃப்ரின் ஒன்றில் சரியாகியிருக்கிறது, மயங்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஆய்வுகளில் இருந்திருக்கிறார்கள். போன முறை எவ்வளவு கடுமையாக வந்தது என்பது அடுத்த முறையைச் சரியாகச் சொல்லாது என்பதும் எங்களுக்கு நன்றாகவே தெரியும். ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) எண் நூறைத் தாண்டியிருக்கிறதே என்று பயந்திருக்கிறீர்கள். அந்த எண் அலர்ஜி இருப்பதற்கான வாய்ப்பைச் சொல்லும், வந்தால் எவ்வளவு பெரிதாக வரும் என்பதைச் சொல்லாது.

ஆஸ்துமா விஷயத்தில் எனக்குத் தயவுதாட்சண்யம் கிடையாது. இரவில் இருமல், வாரத்தில் பல நாள் நீல இன்ஹேலர், விளையாடினால் இழுப்பு, இதெல்லாம் இருந்தால் சொட்டு இப்போது வேண்டாம். முதலில் மூச்சைச் சரிசெய்யுங்கள். மகரந்தத்துக்கும் தூசுப் பூச்சிக்கும் அமெரிக்காவில் 2014 முதல் அனுமதி பெற்ற நாக்கடி மாத்திரைகள் உண்டு. அவற்றின் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை இருக்கிறது: உயிருக்கு ஆபத்தான ரியாக்‌ஷன் வரலாம், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்காதே, முதல் வேளையை டாக்டர் முன்னால் கொடுத்து அரை மணி கவனி. மகரந்தத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் வேர்க்கடலைக்குக் குறைவாக இருக்க முடியாது.

அதே மாத்திரைகளிலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. அவற்றுக்கு அரசு அனுமதி உண்டு, உணவுக்கான சொட்டு எதற்கும் அமெரிக்காவில் அனுமதி இல்லை. ஒவ்வாமைப் பரிசோதனைக்காகத் தயாரிக்கும் உணவுச் சாற்றை டாக்டர் தன் பொறுப்பில் நீர்த்துச் சொட்டாகக் கொடுக்கிறார். இது சட்டவிரோதம் அல்ல, நல்ல டாக்டர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சாறுகள் தரப்படுத்தப்பட்டவை அல்ல. ஒரு பாட்டிலில் உள்ள புரத அளவு அடுத்த பாட்டிலில் அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால் புதுப் பாட்டில் மாறும்போது முதல் வேளையைக் கிளினிக்கில் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். எத்தனை மைக்ரோகிராமில் தொடங்கி எத்தனை மில்லிகிராமில் நிறுத்துவீர்கள் என்றும் கேளுங்கள். எண்ணில் பதில் வராவிட்டால் அந்த இடம் வேண்டாம். ஐஜிஜி (ஐஜிஇ-யிலிருந்து வேறான இன்னொரு எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனை செய்து இருபது முப்பது உணவுக்கு அலர்ஜி என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொட்டைத் தபாலில் அனுப்பும் இடங்களும் உண்டு. ஐஜிஜி அலர்ஜியைக் காட்டவே காட்டாது. அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். பயந்துபோன அம்மா அப்பாக்களிடம் இப்படிப் பணம் பிடுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். 2011 ஆய்வில் ஒரு வருடம் சொட்டு எடுத்த குழந்தைகள் நடுத்தரமாக 1,710 மி.கி. வேர்க்கடலைப் புரதம் வரை தாங்கினார்கள். போலி மருந்து எடுத்தவர்கள் 85 மி.கி.யில் நின்றுவிட்டார்கள். 2019 ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 750 மி.கி. அல்லது அதற்கு மேல் தாங்கினார்கள், நாலில் ஒரு பங்கு பரிசோதனையில் கொடுத்த 5,000 மி.கி. முழுவதையும். நண்பன் வீட்டுப் பிஸ்கட்டில் ஒட்டியிருந்த துணுக்கு, தெரியாமல் வாயில் போன ஒன்றிரண்டு பருப்பு, இவற்றுக்கு 750 மி.கி. தாராளமாகப் போதும். ஆனால் எல்லா உணவுக்கும் இப்படி வேலை செய்வதில்லை. பால் அலர்ஜியில் 2012-இல் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, கடைசிப் பரிசோதனையில் 8 கிராம் பால் புரதத்தைத் தாங்கியவர்கள், சொட்டு மட்டும் எடுத்த பத்துப் பேரில் ஒருவர்தான். வாய்வழிச் சிகிச்சை எடுத்த குழு ஒன்றில் பத்துக்கு எட்டு, இன்னொன்றில் பத்துக்கு ஆறு. அவர்களில் சிலருக்குச் சிகிச்சையை நிறுத்திய ஒரே வாரத்தில் பாதுகாப்பு போய்விட்டது என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தத் துறையின் பெரிய திறந்த கேள்வி. 2013 ஆய்வின் ஆட்களில் மூன்றாம் வருட முடிவில், எட்டு வாரம் மருந்தை நிறுத்தியும் பாதுகாப்பு நிலைத்தவர்கள் 11 சதவீதத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவிலேயே விலகிவிட்டார்கள். முக்கியக் காரணம் பக்கவிளைவு அல்ல, தினம் தினம் விடவேண்டிய சலிப்பு. அதனால்தான் வருடக்கணக்கில் தவறாமல் கொடுக்க நம்மால் முடியுமா என்று ஆரம்பிக்கும் முன் வீட்டில் பேசிக்கொள்ளச் சொல்கிறேன். சின்ன வயதில் ஆரம்பித்தால் படம் மாறுகிறது. வட கரோலினா குழு ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இருந்த 50 குழந்தைகளுக்கு தினம் 4 மி.கி. வரை மூன்று வருடம் கொடுத்து 2024-இல் வெளியிட்டது. சொட்டு எடுத்தவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் முழுப் பரிசோதனையில் தேறினார்கள். மூன்று மாதம் நிறுத்தியபின்னும் கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறினார்கள். உங்கள் மகனுக்கு ஐந்து. அந்த வயது வரம்பைத் தாண்டிவிட்டான், ஆனால் வெகுதூரம் தாண்டவில்லை. அந்த எண்ணை அப்படியே அவனுக்குப் பொருத்த முடியாது. நம்பிக்கைக்கு இடமில்லை என்றும் நான் சொல்லமாட்டேன்.

வீட்டில் கவனிக்க வேண்டியவற்றில் அம்மாக்கள் அதிகம் கேட்காத ஒன்று பல். இன்னும் ஒரு வருடத்தில் அவனுக்குப் பால் பற்கள் ஆட ஆரம்பிக்கும். விழுந்த இடத்தில் ஈறு திறந்திருக்கும். அந்தப் புண் வழியாக மருந்து நேரே ரத்தத்தில் கலக்க வழி கிடைக்கும். பல் விழுந்தாலோ, பிடுங்கினாலோ, வாய்ப்புண் வந்தாலோ ஆறும்வரை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தினமும் சொட்டு விடும் முன் டார்ச் அடித்து வாயைப் பார்க்கும் பழக்கம் நல்லது. காய்ச்சல், வாந்திபேதி, வீசிங் இருக்கும் நாட்களிலும் நிறுத்த வேண்டும். பல நாள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்காதீர்கள். எத்தனை நாள் வரை விடலாம், அதன்பின் எந்த அளவிலிருந்து தொடங்குவது என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய் அரிப்பு மட்டும் என்றால் ஆன்டிஹிஸ்டமின் போதும். அதோடு வாந்தியோ, இருமலோ, குரல் மாறுவதோ, பிள்ளை துவண்டுபோவதோ சேர்ந்தால் யோசிக்காமல் தொடையில் எபினெஃப்ரின், அப்புறம் 911. ஆன்டிஹிஸ்டமின் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான பழக்கம்.

மெதுவாக வரும் ஒரு தொந்தரவும் உண்டு. உணவுக்குழாயில் இயோசினோஃபில் என்ற, அலர்ஜியோடு தொடர்புள்ள வெள்ளை அணுக்கள் சேர்ந்து அழற்சி உண்டாவது. வாய்வழிச் சிகிச்சையில் இது தெரிந்த விஷயம். சொட்டில் அரிதாகத்தான் பதிவாகியிருக்கிறது. சாப்பாடு தொண்டையில் மாட்டுவது, சாதத்தை விழுங்க ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்பது, காரணமில்லாத வயிற்றுவலி, அடிக்கடி வாந்தி, இப்படி வாரக்கணக்கில் இருந்தால் சொல்லுங்கள். ஏற்கனவே இந்த நோய் இருப்பவர்களுக்குச் சொட்டு கொடுக்கக் கூடாது.

வேறு வழிகள் இருப்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வேர்க்கடலைக்கான வாய்வழிப் பொடி ஒன்றுக்கு 2020 ஜனவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அது வேகமாக, அதிகமாகக் காப்பாற்றும், ரியாக்‌ஷனும் அதிகம். ஐஜிஇ-யைக் கட்டிப்போடும் ஒமலிசுமாப் ஊசிக்கு 2024 பிப்ரவரியில் ஒரு வயது முதல் உணவு அலர்ஜிக்கு அனுமதி வந்தது. இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஆய்வில் ஊசி எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் 600 மி.கி. வேர்க்கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள், போலி ஊசியில் 7 சதவீதம். ஒன்றுக்கு மேற்பட்ட உணவு அலர்ஜியும் ஆஸ்துமாவும் சேர்ந்த பிள்ளைக்கு நான் இதைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சில டாக்டர்கள் ஒன்றிரண்டு வருடம் சொட்டு கொடுத்து உடம்பைப் பழக்கிவிட்டு, பிறகு வாய்வழிச் சிகிச்சைக்கு மாற்றுகிறார்கள். பயம் அதிகமுள்ள குடும்பங்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி அது. எதையும் எடுக்காமல் கவனமாகத் தவிர்ப்பதும் மரியாதையான முடிவுதான், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் மகனை நான் பரிசோதிக்கவில்லை, அவன் மூச்சைக் கேட்கவில்லை. அதனால் தொடங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆஸ்துமா நிஜமாகவே லேசானதுதான், டாக்டர் அளவுகளை எண்ணில் சொல்கிறார், இரவு பகல் எந்நேரமும் போனில் ஆள் கிடைக்கிறது என்றால், அவர் சொல்லும் யோசனை நியாயமானதே.

மதுரைப் பயணம் பற்றி மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். ஊருக்குப் போவதற்குச் சற்று முன்னால் தொடங்காதீர்கள். அளவை ஏற்றிக்கொண்டிருக்கும் மாதங்களில் கிளினிக்கை விட்டு வெகுதூரம் போவது சரியல்ல. திரும்பி வந்து, பள்ளி தொடங்கி, ஜலதோஷக் காலம் சற்று அடங்கியபின் ஆரம்பிக்கலாம். ஊரில் வேர்க்கடலைச் சட்னி, கடலை மிட்டாய், புளியோதரையில் போடும் வேர்க்கடலை எல்லாம் உங்களுக்கே தெரியும். எண்ணெயை மறந்துவிடுவார்கள். சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, மரச்செக்கில் ஆட்டியதில் இருக்கும். தாத்தா பாட்டி ஆசையாகச் செக்கெண்ணெயில் முறுக்கு சுட்டு வைப்பார்கள், முன்கூட்டியே பேசிவிடுங்கள். எபினெஃப்ரின் பேனா ஊரில் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிகளில் ஆம்பூலாக அட்ரினலின் (எபினெஃப்ரினின் இன்னொரு பெயர்) இருக்கும், பேனா கிடைப்பது கஷ்டம். காலாவதித் தேதி பார்த்து இரண்டு ஜோடியாவது, டாக்டர் கடிதத்தோடு, கைப்பையில் எடுத்துப் போங்கள். செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.